தொப்பூரில் ஏறுமா?

சேலம், நாமக்கல் பக்கம் வந்து "இவன் இந்தியா டீமுக்குத் தேறுவானா?" என்று கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட்டைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். பதிலும் கைவசம் இருக்கும்: "ஏனுங்க, நம்ம நடராஜன் தேறலைங்களா?" சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-இல் வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்குத் தேர்வுக்குழு என்றாலே ஒரு இளக்காரம். யார்க்கர் போடத் தெரிந்தால் மிச்சத்தைத் தேர்வுக்குழு பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள்.

நான் கேட்பது கால்பந்தைப் பற்றி. அதிலும் ஒரு விங்கரைப் பற்றி. மாலை நேரத் தட்டுவடை செட்டுக்கு என்னைக் கூப்பிடுபவர்கள் குறைந்துபோனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

விங்கர் என்றால் யார் என்று நாமக்கல்லில் முட்டை வியாபாரம் பார்க்கும் மாமாவுக்கு ஒருநாள் விளக்கினேன்.

"கோட்டை ஒட்டி ஓரமாவே ஓடுவாருங்க மாமா."

"ஓரமா ஓடறதுக்கா சம்பளம்?"

"ஓடிப்போயி உள்ள இருக்கறவருக்குப் பந்தைக் குடுப்பாருங்க."

"உள்ள யாரு இருப்பாங்க?"

"பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்க."

மாமா கணக்குப் போட்டார். "அப்ப ஓடறது நம்ம பையன், பேரு அவனுக்கு."

நம் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் போட்டியை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. அங்கே ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் களத்தில் நிற்கலாம் என்று விதி. காசைக் கொட்டி இறக்கிய ஆளைக் கோல் அடிக்கும் இடத்தில் நிறுத்தாமல் வேறெங்கே நிறுத்துவார்கள்? நடுவில் பிரேசில்காரரும் ஸ்பெயின்காரரும் நின்றுகொண்ட பிறகு நம் பையன்களுக்கு மிஞ்சுவது ஓரம்தான். அதனால் விங்கர்களுக்கு இந்தியாவில் பஞ்சமில்லை. அவர்கள் அனுப்பும் பந்தை வலைக்குள் தள்ளத்தான் சுனில் சேத்ரிக்கு அப்புறம் யார் என்று பல வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

என் கட்சிக்காரர் நந்தகுமார் சேகர். சென்னைக்காரர். சென்னை சிட்டி, டெல்லி டைனமோஸ், ஒடிசா என்று ஆடிவிட்டு 2023-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். அந்த ஆண்டு இந்தியச் சட்டையும் கிடைத்தது. ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில், அதே ஊரின் பரம வைரியான மோகன் பகானுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். ஈஸ்ட் பெங்கால் அதற்கு முன்பு தொடர்ந்து எட்டு முறை மோகன் பகானிடம் தோற்றிருந்தது. கொல்கத்தாவில் அப்படி ஒரு கோல் அடித்தவருக்கு அப்புறம் ஆயுசுக்கும் மீன் குழம்பு இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. அப்போதைய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் அறிவித்த 26 பேரில் நந்தகுமார் இல்லை. ஜனவரி 18 அன்று அங்கே உஸ்பெகிஸ்தானிடம் 3-0 என்று உதை வாங்கினோம். மறுநாளே புவனேஸ்வரில், சூப்பர் கோப்பையில், ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 3-1 என்று வென்றது. அதில் ஒரு கோல் நந்தகுமாருடையது. இறுதிப் போட்டியிலும் ஒன்று அடித்தார், கோப்பையும் வந்தது. கத்தாரில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அடித்த கோல்கள்: பூஜ்யம்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் வழக்காடினேன். கால்பந்து பார்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். சேலத்தில் அப்படிச் சிலர் உண்டு, பார்த்தால் தெரியாது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டார்: "அன்னிக்கு மோகன் பகான் ஆளுக எத்தனை பேருங்க கத்தாருக்குப் போயிருந்தாங்க?" ஏழு பேர். இடது பக்கம் தடுக்கும் சுபாஷிஷ் போஸ், கோல்கீப்பர் விஷால் கைத் உட்பட. வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் அடித்த கோல் என்கிறார். அடித்தது அடித்ததுதானே என்றேன். அவர் டீக்கு மட்டும் காசு கொடுத்தார்.

ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நடராஜன் ஐபிஎல்லில் யாருக்குப் பந்து போட்டார்? 2020 எலிமினேட்டரில் 56 ரன்னோடு நின்ற டிவில்லியர்ஸின் ஸ்டம்பை யார்க்கரில் பெயர்த்தார். உலகத்தின் நம்பர் ஒன் ஆட்களே எதிரில் நிற்கும்போது, லீக்கில் தேறியவன் வெளியிலும் தேறுவான் என்று நம்பலாம். நந்தகுமாருக்கு எதிரில் நிற்கும் ஃபுல்பேக் யார்? பெரும்பாலும் நம் ஊர்க்காரர். நடுவில் வெளிநாட்டவர் நின்றுகொண்டதால் ஓரத்தில் மிஞ்சிய இன்னொருவர். வாரம் ஒருமுறை இவர் அவரைத் தாண்டுகிறார். உஸ்பெக்காரர் வந்தால் அவரை இன்னும் சுலபமாகத் தாண்டுகிறார். உஸ்பெக் ஃபுல்பேக்கை நம் விங்கர் தாண்டுவாரா என்பதற்கு லீக்கில் விடையே கிடையாது.

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் ஒரு அண்ணன் இதை அழகாகச் சொன்னார். "ஓமலூர் வரைக்கும் எல்லா வண்டியும் நல்ல வண்டிதானுங்க. லோடோட தொப்பூர் கணவாயில ஏத்தி, திரும்பி வரையில பிரேக்கையும் பார்த்தாத்தான் தெரியும்." சரிதான். ஆனால் நம் தேர்வாளர்கள் என்ன செய்கிறார்கள்? வண்டியைக் கணவாய் அடிவாரம் வரைக்கும் ஓட்டிப்போய், ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். கடைசி இருபது நிமிடம் இறக்குவது, அணி பின்தங்கிப் பதறும்போது இறக்குவது, பிறகு "சர்வதேசத் தரம் இல்லை" என்று எழுதிவிடுவது.

குமரிக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜும் தேறுவாரா என்பது தெரியாமலே போயிற்று, காரணம்தான் வேறு. சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூரில் பேர் வாங்கி, 2019-இல் தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பைக்கு இந்திய அணியோடு போனார். அடுத்த ஆண்டு நவம்பரில், ஐஎஸ்எல் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கால் முட்டி போனது. அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று எவனாலும் சொல்ல முடியாது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99 என்று ஆனந்தப்பட்டோம். கத்தாரிலிருந்து திரும்பியபோது 117. ஆக, அன்று எடுத்த 26 பேரும் அங்கே தேறியவர்கள், வெளியே நின்றவர் மட்டும் தேறாதவர் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

என் தீர்ப்பு இது: நந்தகுமார் அந்த 26-இல் இருந்திருக்க வேண்டும். அவர் உஸ்பெகிஸ்தானை ஒரு கை பார்த்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே கோல் எண்ணிக்கை போகாது என்பதைத்தான் சொல்கிறேன். இனி வரும் பயிற்சியாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: லீக்கில் ஒரு பருவம் முழுக்க நன்றாக ஆடும் விங்கரைக் கூப்பிட்டால், தொடர்ந்து ஐந்து ஆட்டத்துக்கு முதல் நிமிடத்திலிருந்தே இறக்குங்கள். அதன் பிறகு வேண்டாம் என்று சொன்னால், மாமா சாட்சியாக, நான் வாயே திறக்கமாட்டேன்.