உலாநிரல் வகையியல்

மாணாக்க, செவி தாழ்த்திக் கேள். சங்கரன்கோவில் ஊரினர் கோயிலும் மலையும் தேயிலைத் தோட்டமும் ஒருசேரக் காண விழைந்து, புறப்படும் நாளுக்கு முன்னர்ப் பேசியும் எழுதியும் அடித்தும் திருத்தியும் ஆக்கிக்கொள்ளும் ஒழுங்கிற்கு உலாநிரல் என்பது பெயர். புறப்பட்டபின் நிகழ்வது உலா. அது வேறு துறை, எளிய துறை. அதனைப் பற்றி எழுதியோர் பலர். நிரலுக்கு வரம்பு கட்டினார் எவரும் இலர் ஆகலின், யாம் கட்டுவேம்.

நிரலுக்கு உறுப்பு மூன்று: கோயில், மலை, தேயிலை. அதனை ஆக்குவோரும் மூவர்: முன்மொழிநர், மறுநர், பொருளிறைநர். இம்மூவரும் ஒருவரே ஆகிய வீட்டில் நிரல் தோன்றாது, ஆணையே தோன்றும். அதனை இந்நூல் கொள்ளாது.

1. தோற்றம் நோக்க, நிரல் மூவகைப்படும். பந்திநிரல், புலனநிரல், தவசுநிரல் என்பன அவை. பந்திநிரலாவது திருமணப் பந்தியில் அப்பளம் வைக்குங்கால் தோன்றிக் கைகழுவுங்கால் மறைவது. இதற்கு உட்பிரிவு இல்லை. புலனநிரலாவது, பொதுமக்கள் வாட்சப் என வழங்கும் புலனத்தில் குழு அமைத்து ஆக்கப்படுவது. குழுவுக்குப் பெயர் சூட்டல், முகப்புப் படம் மாற்றல், “யார் யாரெல்லாம் வாறீய?” என வினவல் என மூன்று நிலை உடைத்து. மூன்றாம் நிலைக்குப் பின் காலை வணக்கப் பூப்படங்கள் பெருகி நிரலை மூடும். அழிந்தது என்று எண்ணற்க. ஓராண்டு கழித்து எவரேனும் “அந்த மூணாறு என்னாச்சு?” என்று எழுதின் மீண்டும் உயிர்க்கும்.

தவசுநிரல் இவ்வூருக்கே உரியது. ஆவுடையம்மையாகிய கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்று சங்கரநாராயணர் காட்சியைப் பெற்றதாகக் கொண்டாடும் ஆடித் தவசு விழாவின்போது ஊரார் வெளியூர் செல்லார். வெளியூரில் உள்ள உறவினரே ஊருக்கு வருவர். வந்தோர் ஒன்பது நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, புற்றுமண் பெற்று நெற்றியில் இட்டு, மொட்டைமாடியில் பாய் விரித்துக் கால் நீட்டியபின், “வந்ததே வந்தோம்…” என்று தொடங்குவர். இத்தொடர் எங்குக் கேட்பினும் நிரல் முளைத்தது என்று அறிக. இதனை முடிக்காமல் விடுதல் மரபு.

2. கோயிலுறுப்பு நால்வகைப்படும். நேர்த்திக்கோயில், தொகைக்கோயில், வழிமறிகோயில், ஐயக்கோயில்.

(அ) நேர்த்திக்கோயில் என்பது முன்னொரு நாள் காய்ச்சலிலோ தேர்விலோ வாக்களிக்கப்பட்டு இன்றளவும் செலுத்தப்படாமல் நிற்பது. நிரல் எத்திசை நோக்கினும் ஆச்சியார் இதனை நினைவூட்டுவார். மறுப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

(ஆ) தொகைக்கோயில் என்பது எண்ணிக்கையால் கட்டுண்டது. ஒன்றைக் கண்டால் எல்லாவற்றையும் காண வேண்டும். இப்பகுதியில் ஐம்பூதக் கோயில்கள் அவ்வகையின. சங்கரன்கோவில் நிலம், கரிவலம்வந்தநல்லூர் தீ, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் வெளி. சிவனிரவில் ஐந்தையும் ஒருங்கே வழிபடுவோர் திரளுவர். ஏனைய நாள்களில் இத்தொகை நிரலுக்குள் புகுந்தால் மலைக்கும் தேயிலைக்கும் பொழுது எஞ்சாது. ஆயினும் தென்மலை என்னும் ஊரின் பெயரிலேயே மலை இருத்தலின் மலையுறுப்பும் அதனால் நிறைந்தது என்று வழக்குரைக்கும் பெரியோர் உளர். இது வலிமையுடைய கூற்று. இதனை மறுக்கும் நூல் எதுவும் இல்லை.

(இ) வழிமறிகோயில் என்பது நிரலில் எழுதப்படாதது. ஆனால் சாலையில் நிற்பது. மூணாறு நோக்கி வடக்கே செல்வோன் முதலில் கரிவலம்வந்தநல்லூரைக் கடக்க வேண்டும். பின்னர் இராசபாளையம். பின்னர்த் திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் சாலையில் செல்வோனை அழைக்கும். “கோபுரத்தப் பாத்துட்டுக் கும்பிடாமப் போவலாமா?” என்ற வினாவுக்கு விடை இல்லை. இறங்கினால் வழிபாடு, வழிபட்டால் பால்கோவா, பால்கோவா வாங்கினால் எந்தக் கடையில் வாங்குவது என்ற ஆய்வு. இவ்வாய்வு முடியுமுன் நண்பகல் ஆகும். நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணி அளவில்தான் திறப்பர். ஆகவே அடுத்த கோயிலை நம்பி வந்தோர் பூட்டிய கதவின்முன் அமர்வர். அவ்வமர்வுக்கு நடையிடைப்பொழுது என்று பெயர் இடுகின்றோம். கட்டுச்சோறு அவிழ்த்தற்கு உரிய பொழுது இதுவே. புளிச்சோறு முன், தயிர்ச்சோறு பின்.

இவ்விடத்து ஊன்சோற்று நெறி ஒன்றும் கூறற்பாலது. சங்கரன்கோவில் பிரியாணியின் மணம் வெளியூர்வரை அறியப்பட்டது. ஆயினும் கோயிலுக்கு முன் அதனை உண்ணல் இழுக்கு. கோயிலுக்குப் பின் உண்ணல் வழக்கு. நிரலில் கோயில்கள் முடியவே முடியா ஆதலின், ஊன்சோறு விழைவோர் கோயிலுறுப்பின் முதற்பகைவர் ஆவர். அவர்தம் மறுப்பை மலையின்மேல் கொண்ட பேரன்பு என்று மயங்கற்க.

(ஈ) ஐயக்கோயிலுக்குக் கழுகுமலை வெட்டுவான்கோயில் சான்று. 8 ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முற்றுப்பெறாமல் விட்டது. நெற்றிநகையும் விழியசைவும் தெரியுமாறு செதுக்கிய உருவங்களைப் பார்த்தோர் பேச்சிழப்பர். அது வேறு செய்தி. வகைப்பாட்டுக்கு வருவோம். நேர்த்தி வைத்தற்கு இடமில்லை ஆதலின் ஆச்சியார் இதனைக் கோயிலென ஏற்கார். அருவி இல்லை ஆதலின் சிறுவர் இதனை மலையென ஏற்கார். இருவராலும் தள்ளப்பட்டு, அண்மையில் இருந்தும் எந்த நிரலிலும் இடம்பெறாமல் நிற்கும் தனிப்பொருள் இது.

3. மலையுறுப்பு இருவகை: தெரிமலை, ஏறுமலை. தெரிமலையாவது மொட்டைமாடியில் நின்று மேற்கே நோக்கின் நீலக்கோடாகக் கிடப்பது. இதற்குச் செலவில்லை. ஏறுமலையாவது வளைவுகளால் அளக்கப்படுவது. போடிமெட்டு ஏறும் சாலையில் கொண்டையூசி வளைவு 17. பச்சைக்கூமாச்சி என்று முன்னோர் வழங்கிய மேகமலைக்கு 18. மலையின் உயரத்தை எவரும் வினவார். வளைவின் எண்ணையே வினவுவர். ஏனெனில் நிரலைத் தாங்குவது கக்குநரின் வயிறு.

கக்குநர் மூவகையர். முன்கக்குநர், புறப்படுமுன்னரே “எனக்கு ஒத்துக்காது” என்று அறிவிப்போர். இவரால் நிரலுக்குக் கேடில்லை. இடைக்கக்குநர், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தவாறு பேசாமல் வருவோர். நெகிழிப்பை இவர் மடியில் இருக்கும். பொய்க்கக்குநர், முன்னிருக்கை வேண்டிக் கக்குநராய் நடிப்போர். இம்மூன்றாமவரைக் கண்டறிதற்கு நெறி உண்டு: முறுக்கை நீட்டுக. மெய்க்கக்குநர் முகம் திருப்புவர்.

4. தேயிலையுறுப்பு நால்வகை.

முதலாவது காட்சித்தேயிலை. மூணாற்றில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, செடிகளுக்கிடையே நின்று, கைகளை அகல விரித்துப் படம் எடுத்துக்கொள்ளல். கேரள எல்லை கடத்தற்கு வாடகை வண்டிக்குத் தனி உரிமமும் வரியும் வேண்டும் என்பதைப் பொருளிறைநர் இவ்விடத்தில் முதன்முறையாக அறிவார்.

இரண்டாவது உறவுத்தேயிலை. கண்ணன் தேவன் மலைக் குழுமம் 1897 இல் அமைந்தது. அம்மலைத் தோட்டங்களுக்குக் கொழுந்தெடுக்க ஏறியோருள் நெல்லைப் பகுதியினர் மிகப் பலர். தலைமுறைகள் கடந்தும் தவசுக்கு இறங்கி வருவோர் அவர்வழியினர். இத்தகைய பெரியம்மை ஒருவர் தோட்டக் குடியிருப்பாகிய லயத்தில் வாழ்வாராயின் நிரலின் இயல்பே திரியும். தங்குமிடம் கிட்டும், ஆனால் சுற்றிப் பார்த்தல் கிட்டாது. வந்தோர் செடிக்குள் இறங்கிப் படம் எடுக்க, அவர் மேட்டில் நின்று, “அட்டை கெடக்கும், காலப் பாத்துக்கோங்க” என்பார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் கட்டஞ்சாயா நீட்டுவார். இந்தச் செடியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதே அவரது வினா. அவ்வினாவை எதிர்கொண்ட நிரல் எதுவும் நிலைத்ததில்லை.

மூன்றாவது இசைவுத்தேயிலை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்பன. சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929 இல் பம்பாய் பர்மா குழுமம் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. அது 2028 இல் முடிகிறது. களக்காடு முண்டந்துறைப் புலிக்காப்பகத்தின் உள்ளே இருத்தலின் வனத்துறையின் இசைவின்றி ஏறல் இயலாது. இசைவு பெறச் சென்றோன் திரும்பி வருமுன் நிரலில் மறுநர் வென்றிருப்பர். 2024 இல் அங்குக் கொழுந்தெடுப்பு நின்று, பிறந்து வளர்ந்த குடிகள் மலையிறங்க நேர்ந்தது. கிள்ளுவார் இல்லாத தேயிலை செடியாய் இராது, மரமாய் எழும். எழுந்ததை எவ்வகையில் அடக்குவது என்பதை அடுத்த பதிப்பில் ஆராய்வோம்.

நான்காவது குவளைத்தேயிலை. இதனை ஆறாம் இயலில் காண்க.

5. மறுப்பின் இயல். மறுப்பு நால்வகை. “அங்க போயி என்னத்தப் பாக்க? எல்லாம் செடிதான” என்பது பொருள்மறுப்பு. “போவோம், நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்” என்பது இசைவுபோல் தோன்றும் மறுப்பு. நான்கினுள் கொடியது இதுவே. “மாமா வராம எப்படி?” என்பது ஆள்மறுப்பு. “மழை வந்தா?” என்பது வான்மறுப்பு.

மறுநர் இருவர் எதிரெதிர் நிற்பின் அதற்குச் சங்கன்பதுமன் வழக்கு என்று பெயர். சங்கன் என்னும் பாம்பு சிவனே பெரியன் என்றும், பதுமன் என்னும் பாம்பு திருமாலே பெரியன் என்றும் சொற்போர் செய்ய, அம்மை தவம் நின்று, இருவரும் ஓருருவாய் வலம்பாதி இடம்பாதி காட்சி அளித்தமை இவ்வூர்க் கோயிலின் வரலாறு. ஆதலின் இவ்வூரில் எவ்வழக்கும் பாதிபாதியாகவே தீரும். அத்தை கோயில் என்பார். அத்தான் மலை என்பார். அரைநாள் கோயில், அரைநாள் மலை என்று பெரியவர் தீர்ப்பளிப்பர். தேயிலைக்கு நாள் இல்லை. சிறுவர் அழுவர். இந்நிலையில் எவரோ ஒருவர், பெரும்பாலும் அதுவரை வாய் திறவாத சித்தப்பா, தென்காசியில் உள்ள உறவினரைச் செல்பேசியில் அழைத்து, “அண்ணாச்சி, தண்ணி விழுதா?” என்று கேட்பார். நூலின் உயிர்நிலை இவ்வினா.

6. குற்றாலமுடிபு. எந்நிரலும் குற்றாலத்தில் முடியும். இதனை நிறுவுவோம்.

முதற்படி: கோயில். குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவினது; திருமாலாய் இருந்தாரை அகத்தியர் சிவனாக்கினார் என்பது அதன் வரலாறு. ஐந்து அம்பலங்களுள் ஒன்றான ஓவிய அம்பலமும் அங்கேயே. ஆகவே ஆச்சியார் அடங்குவர். இரண்டாம்படி: மலை. கோயிலின் பின்புறத்திலேயே மலை நிற்கிறது. ஏற வேண்டுவதில்லை, வளைவு இல்லை, கக்குநர் மூவகையாரும் நலமே இருப்பர். மலை தானே நீராய் இறங்கிப் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் வீழ்ந்து தலைமேல் கொட்டும். பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டிப் பாய்ந்து காவலர் குளிக்கத் தடுத்தாலும் ஐந்தருவி உண்டு, பழைய குற்றாலம் உண்டு, புலியருவி உண்டு. மூன்றாம்படி: தேயிலை. குளித்து நடுங்கும் உடம்போடு ஈரத்துண்டைத் தோளில் இட்டு நிற்போன் கையில், சாரலுக்கு நடுவே, ஒரு குவளை தேநீர் தரப்படும். தேயிலை நிறைந்தது. தோட்டத்தைக் கண்டோமா என்று கேட்பவனுக்கு, வேரைக் காண்பது மேலோ, சாற்றைக் காண்பது மேலோ என்று எதிர்வினா விடுக்க. மிளகாய் பஜ்ஜியும் உடன் வைக்க. முப்பொருளும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், உரிமமோ இசைவோ இன்றி நிறைந்தமையின் முடிபு நிறுவப்பட்டது.

இதற்கு ஒரு புறனடை உண்டு: நீர் விழாத திங்கள். அப்போதும் நிரல் குற்றாலத்திலேயே முடியும், உண்பதற்காக. செங்கோட்டை வழியில் பிரானூர் எல்லையில் பார்டர் பரோட்டாவும் கோழியும் உளவாதலின், ஊன்சோற்று நெறியார் அப்போது முன்மொழிநர் ஆவர்.

பயிற்சி. ஆனித் திங்கள், காரிக்கிழமை. பன்னிருவர் அமரும் சிற்றுந்தில் பதினால்வர். கக்குநர் இருவர், அவருள் ஒருவர் பொருளிறைநர். ஆச்சியாருக்குத் தென்மலையில் நேர்த்திக்கடன். பெரியம்மை மூணாற்றிலிருந்து இறங்கி வந்து இவ்வண்டியிலேயே அமர்ந்திருக்கிறார். தென்காசி அண்ணாச்சி செல்பேசியை எடுக்கவில்லை. நிரல் வகுக்க. முன்னிருக்கையில் அமர்வார் யார் என்பதை முதலிற் கூறுக. அவ்விடத்தை ஓட்டுநர் தம் மச்சானுக்கு நேற்றே சொல்லிவிட்டார் என்பதைக் கணக்கிற் கொள்க.