சாண்டொரினியில் ஒரு பகல்: கரமனைத் தம்பதியருக்குச் சில யோசனைகள்

பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறணும்; நடுவில் ஒரு பகல் சாண்டொரினியில் கரை இறங்கலாம். கரமனை அக்ரஹாரத்தில் எல்லார்க்கும் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். போகும் முன் ஒன்று பாருங்கள்: கப்பல் துருக்கியின் குசாதாசியையும் தொட்டுவிட்டுக் கிரீஸுக்குத் திரும்புமானால், ஷெங்கன் விசா மல்டிபிள் என்ட்ரியாக இருக்க வேண்டும். கோவிலில் தேங்காய் உடைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது திட்டம். ஏஜீஸ் ஆபீஸில் ரிட்டயர் ஆன மாமாவானால் பேப்பரில் கட்டம் போட்டு, 7.00 இறக்கம், 7.20 மேலே, 8.15 ஈயா என்று எழுதியே தீருவார். எழுதட்டும். மாமி அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஏன்னா, இதுல காப்பி எப்போ?" என்று கேட்பாள். அங்கேயே திட்டம் முடிந்தது.

கப்பல் கரையோடு ஒட்டி நிற்காது. கி.மு. 1600 வாக்கில் எரிமலை வெடித்து, உள்ளே இடிந்து விழுந்த குழியில் கடல் புகுந்து நிற்கிற ஊர் அது. ஆழம் சில இடங்களில் 300 மீட்டரைத் தாண்டும். அதனால் சின்னப் படகில் ஏற்றி, செங்குத்துப் பாறையின் அடியில் இறக்கி விடுவார்கள். ஃபிரா என்கிற ஊர் தலைக்கு மேலே, சுமார் 220 மீட்டர் உயரத்தில். ஏறுவதற்கு மூன்று வழி: கேபிள் கார், 588 படி, கழுதை.

கழுதையைப் பற்றி ஒரு வார்த்தை. 100 கிலோவுக்கு மேலோ, கழுதையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக் கூடாது என்று 2018-இல் கிரீஸ் அரசாங்கம் விதி போட்டிருக்கிறது. மாமா தன் எடையைச் சத்தமாகக் கணக்குப் போட வேண்டாம். மாமி மனசுக்குள் போட்டு, கழுதைக்காகப் பரிதாபப்பட்டும் ஆகியிருக்கும். படியில் நடப்பதும் அத்தனை உத்தமமில்லை. தேய்ந்து வழவழத்த கல், போதாததற்குக் கழுதை விட்டை. கேபிள் காரில் மூன்று நிமிஷம்தான். அந்த மூன்று நிமிஷத்துக்குக் காத்திருப்பு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்படாதீர்கள். 15,000 சொச்சம் பேர் குடியிருக்கிற தீவில், ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்ததே பெரிய சாதனையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 2025 ஜூலை முதல், கோடை சீசனில் இங்கே கால் வைக்கும் கப்பல் பயணிக்கு ஆளுக்கு 20 யூரோ வரி வேறு. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். பெருக்கினாலும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

ஃபிராவிலிருந்து ஈயா என்கிற ஊருக்குப் பதினொரு கிலோமீட்டர், பஸ் உண்டு. சுண்ணாம்பு அடித்த வீடுகள், காலண்டரில் பார்த்த அதே நீலக் கும்மட்டங்கள். கும்மட்டம் தெரிகிற முடுக்கில் போட்டோவுக்கு க்யூ நிற்கும். பத்மநாபசுவாமி ஆராட்டுக்கு ஏர்போர்ட் ரன்வேயையே அடைத்து வழி விடுகிற ஊர்க்காரர்கள் நாம். அங்கே ஒருத்தரும் இம்மி நகர மாட்டார்கள். பெண்களுக்கு நீள வால் வைத்த கவுனை வாடகைக்குக் கொடுத்து, அந்த வாலைக் காற்றில் வீச ஒரு ஆளையும் நிறுத்திப் படம் எடுப்பது அந்த ஊர்த் தொழில். மாமி மடிசார் கட்டிக்கொண்டு போனால் ஒன்பது கஜமும் கைவசம் இருக்கும், வாடகை மிச்சம். வீசுகிற ஆள் வேலை மாமாவுக்கு. முந்தானையை எந்தப் பக்கம் வீசினாலும் தப்பாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் தைரியமாக இருக்கலாம். 'ஃபாவா' என்று கேளுங்கள். அந்தத் தீவில் விளைகிற மஞ்சள் பருப்பை வேகவைத்து, மசித்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு, மேலே வெங்காயம் தூவித் தருவார்கள். மாமி முதல் ஸ்பூனிலேயே "தாளிக்கலையோ?" என்பாள். பையில் உப்பிலிட்டது இருந்தால் கேள்விக்கே இடமில்லை. 'நிஸ்திசிமோ' என்றால் அவர்களுடைய விரதச் சாப்பாடு. இறைச்சி, முட்டை, பால் கிடையாது என்று யாராவது சொல்லக் கேட்டு ஏமாறாதீர்கள். அந்த விரதத்தில் கணவாயும் சிப்பியும் சேரும். கிரேக்கக் காப்பி சின்னக் கோப்பையில் வரும். அடியில் தங்குகிற மண்டியைக் கலக்காமல், அது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். டபரா கேட்காதீர்கள்.

என்னைக் கேட்டால், ஈயாவைச் சுருக்கிக்கொண்டு ஃபிராவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கிற மியூசியத்துக்குப் போகலாம். எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோத்திரி ஊரை 1967-இல் ஸ்பைரிடான் மரினாட்டோஸ் தோண்டத் தொடங்கினார். அங்கே ஒரு வீட்டுச் சுவரிலிருந்து எடுத்த ஓவியம் இந்த மியூசியத்தில் இருக்கிறது: நீலக் குரங்குகள், வாலைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் தாவுகின்றன. அந்த வால் தூக்கலைப் பார்த்து, இவை இந்தியாவின் மந்திகள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மூவாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் நம்மூர்க் குரங்கு அங்கே விசா இல்லாமல் போயிருக்கிறது. மாமாவை இங்கே பேச விடலாம், பத்து நிமிஷம்.

திரும்புவதில் அலட்சியம் கூடாது. கப்பல்காரர்களே நடத்துகிற டூரில் போனவர்கள் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. கடைசிப் படகு நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே இறங்கவும் அதே கேபிள் கார், அதே க்யூ.

கோடையில் அங்கே அஸ்தமனம் எட்டரை மணிக்கு. பல கப்பல்களின் கடைசிப் படகு அதற்கு முன்பே போய்விடும். வருத்தம் வேண்டாம், மேல் தளத்தில் மேற்குப் பார்த்த நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்தால் அதே சூரியன்தான். ஆனால் இந்திய ஐட்டங்கள் வைக்கிற மூலையில் ராத்திரிச் சாப்பாடும் அதே நேரத்தில்தான் திறக்கும், தயிர் சாதம் முதலில் தீரும். எதற்குப் போவது என்பதை மத்தியானமே பேசி முடித்துவிடுங்கள்.