வால்வும் காதும்: வாசகர் கேள்வி-பதில்

கே: பாட்டில்ஹெட் கிராக் ஹெட்போன் ஆம்ப் கிட்டை நானே சால்டர் செய்து முடித்தேன், சார். அதிலிருந்த 12ஏயூ7 வால்வைக் கழற்றிவிட்டுப் பழைய முல்லார்டு ஒன்றைச் செருகியதும் பாடகர் பக்கத்து நாற்காலிக்கே வந்துவிட்டார். நண்பரோ, ‘எல்லாம் பிரமை’ என்கிறார். யார் சொல்வது சரி?

ப: நீங்களும் சோதிக்கவில்லை, அவரும் சோதிக்கவில்லை. தீர்ப்பை ஒத்திவைக்கிறேன்.

ஒரே எண் போட்ட இரண்டு வால்வுகளின் பெருக்கம் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். 10 விழுக்காடு கூடினால் ஒலி 0.8 டெசிபெல் ஏறும். இத்தனை சின்ன ஏற்றத்தைக் காது ‘சத்தம் கூடிவிட்டது’ என்று சொல்லாது, ‘தெளிவு கூடிவிட்டது’ என்றுதான் சொல்லும். ஆகவே முதல் வேலை, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவது. 400 ஹெர்ட்ஸ் ஒலியைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். ஹெட்போன் செருகியபடியே இருக்கட்டும், ஆனால் தலையில் வேண்டாம், மேசைமேல். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அவுட்புட்டை அளந்து பாருங்கள். ஒரு வால்வுக்கு 500 மில்லிவோல்ட் வந்தால், மற்றதற்கு வால்யூமைத் திருகி 494-க்கும் 506-க்கும் நடுவில் நிறுத்துங்கள். வித்தியாசம் 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது நேரம். வால்வு ஆற வேண்டும், கழற்ற வேண்டும், புதியது சூடேற வேண்டும். ஒலியின் நுணுக்கத்தைக் காது அத்தனை நிமிடம் நினைவில் வைத்திருக்காது. உண்மை தெரிந்தே ஆக வேண்டும் என்றால், பிரமை என்று சொன்ன நண்பரையும் அதே கிட்டைக் கட்டச் சொல்லுங்கள்! இரண்டு ஆம்பையும் ஒரு சுவிட்சில் இணையுங்கள். அவர் நாணயம் சுண்டி எது ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்யட்டும், நீங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் எது என்று சொல்லுங்கள். பிறகு வால்வுகளை ஆம்புக்கு ஆம்பு மாற்றி, சத்தத்தை மறுபடி சமமாக்கி, இன்னொரு சுற்று நடத்துங்கள். இல்லாவிட்டால் ஆம்பின் குணத்தை வால்வின் தலையில் கட்டிவிடுவோம். ஒரு சுற்றுக்கு 16 முறை வையுங்கள். குருட்டாம்போக்கில் சொல்கிற ஒருவர் 16-க்கு 12 சரியாகச் சொல்ல 100-இல் 4 வாய்ப்புகூட இல்லை. இரண்டு சுற்றிலும் அந்த 12-ஐத் தாண்டினால் உங்கள் காதுக்கு என் வணக்கம். தாண்டாவிட்டாலும் வீட்டில் இரண்டு நல்ல ஆம்ப் மிச்சம்.

கே: இதே கிராக்கில் 32 ஓம் ஹெட்போன் ஏன் சோர்ந்து பாடுகிறது?

ப: குருவி தலையில் பனங்காய். கிராக்கில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 6080 வால்வு ஒரு கெப்பாசிட்டர் வழியாக ஹெட்போனைத் தானே ஓட்டுகிறது. அவுட்புட் இம்பிடன்ஸ் சுமார் 120 ஓம். 32 ஓம் ஹெட்போனுக்குப் போய்ச் சேர்வது ஐந்தில் ஒரு பங்கு வோல்ட்தான், மீதி ஆம்புக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. டிஸ்டார்ஷனும் ஏறும்.

கே: அப்படியானால் சென்ஹைசர் ஹெச்டி 650 மட்டும் அதில் தேனாக ஒலிப்பது எப்படி?

ப: பெயருக்கு அது 300 ஓம். 100 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் அதன் இம்பிடன்ஸ் 500 ஓம் அளவுக்கு ஏறும். ஏறிய இடத்தில் ஆம்புக்குள் விழும் வோல்ட் குறைகிறது, ஹெட்போனுக்குக் கிடைப்பது கூடுகிறது. கணக்குப் போட்டால் மற்றப் பகுதிகளைவிட ஏறக்குறைய 1 டெசிபெல் உயர்வு. மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் சதை போட்டுப் பேசும். ‘வால்வின் இனிமை’ என்று நாம் உருகுவதில் ஒரு பங்கு இந்த ஓம் கணக்குக்குச் சேர வேண்டியது. ஏதாவது ட்ரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவில், சேனலுக்கு ஒன்றாக 120 ஓம் ரெசிஸ்டர் போட்டுக் கேளுங்கள், அதே தொப்பி வரும். சில்லறைக் காசில் இவ்வளவு கற்றுத்தரும் சோதனை வேறு எனக்குத் தெரியாது.

கே: கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. கிராக்குக்கு உயர்ந்த ரக கெப்பாசிட்டரா, ஸ்பீட்பால் என்ற மேம்பாட்டுக் கிட்டா?

ப: யோசிக்காமல் ஸ்பீட்பால். அது வால்வுகளைச் சுற்றியுள்ள லோடு ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டு, மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் சின்ன ட்ரான்சிஸ்டர் சர்க்யூட்டுகளை வைக்கிறது. டிஸ்டார்ஷன் குறைகிறது. பவர் சப்ளையின் அழுக்கு பாட்டுக்குள் கசிவதும் குறைகிறது. இரண்டையும் மீட்டரில் காட்ட முடியும். அவுட்புட்டில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக்கைப் பொறுத்தவரை, அதன் மதிப்பு போதுமான அளவு பெரிதாக இருந்தால் பாட்டின் வோல்ட் அதன்மேல் அதிகம் விழாது, அதனால் அது கெடுப்பதும் சொற்பம். இருந்தாலும் ஃபிலிம்தான் வேண்டும் என்றால், வாங்கும் முன் அளவை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 100 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் இரண்டு வாங்கியவர்கள் பெட்டியையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

கே: தாத்தாவின் ரேடியோவில் பெல் முத்திரை போட்ட வால்வுகள் இருக்கின்றன. எடுத்துப் போடலாமா?

ப: பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் தயாரிக்கத் தொடங்கிய வரிசை அது, அருமையான சொத்து. ஆனால் கண்ணாடிமேல் இருக்கும் எண்ணைப் படியுங்கள். அந்தக் காலத்து ரேடியோக்களில் இசிஹெச்81, இஎஃப்89, இஎல்84 போன்றவைதான் பெரும்பாலும் இருக்கும். அவற்றுக்கு உங்கள் ஆம்பில் வேலை இல்லை. ரேடியோவைப் பாட வையுங்கள், தாத்தா சந்தோஷப்படுவார்.

கே: 12ஏயூ7 சாக்கெட்டில் 6டிஜே8 செருகலாமா? ஒன்பது பின்னும் கச்சிதமாக இறங்குகின்றன.

ப: இறங்கும், ஆனால் எரியாது. 6.3 வோல்ட்டில் ஓடும் 12ஏயூ7-க்கு 4, 5 பின்களைச் சேர்த்துக் கட்டி, 9-ஆம் பின்னுக்கு எதிராக ஹீட்டர் சப்ளை கொடுத்திருப்பார்கள். 6டிஜே8-இன் ஹீட்டரோ 4-க்கும் 5-க்கும் நடுவில். 9-ஆம் பின் அதற்கு வெறும் ஷீல்டு. தவிர, அதன் பிளேட் தாங்குவது 130 வோல்ட்தான்.

கே: பாட்டு நின்றதும் ஆம்ப் தனியாக ஹம் பாடுகிறது.

ப: எந்தச் சுருதியில் பாடுகிறது? அடித்தொண்டையில் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயர், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், எர்த் இணைப்பு என்று தேடுங்கள். ஹீட்டர் வயர் இரண்டையும் இறுக்கமாக முறுக்கி, பெட்டியின் மூலையோரமாக, சிக்னல் வயரைவிட்டு ஒதுக்கிக் கொண்டுபோங்கள். ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் கரகரப்பாக இருந்தால் ரெக்டிஃபையருக்குப் பின்னால் ஃபில்டர் போதவில்லை.

கே: நான் புதியவன். 100 வோல்ட்டுக்கு மேல் என்றாலே கை நடுங்குகிறது. எதில் தொடங்கலாம்?

ப: அந்த நடுக்கத்தை விட்டுவிடாதீர்கள், நல்லது. பீட் மில்லட் வடிவமைத்த ‘ஸ்டார்விங் ஸ்டூடண்ட்’ 48 வோல்ட்டில் ஓடுவது. 19ஜே6 வால்வும் ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டும் சேர்ந்த கலப்பு. சூடேறிய பிறகே ஹெட்போனைச் செருகுங்கள், அணைக்கும் முன் கழற்றிவிடுங்கள். 19ஜே6 கிடைக்கவில்லை என்று கைக்கு வந்த வால்வைப் போடாதீர்கள். அதன் ஹீட்டருக்கு 18.9 வோல்ட். வேறு எண் என்றால் ஹீட்டர் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.