கேளுங்கோ, சொல்லுறன்

கே: கனடாவில் ஒரு வளவு மண்ணில் புது மருந்து எடுத்தார்களாம். மண்ணில் மருந்தா? (பரந்தன் வாசகர்)

ப: மண்ணில்தான் மருந்து! காசநோயை அடக்கிய ஸ்ரெப்டோமைசினும் 1943இல் மண் கிருமியில் இருந்து வந்ததுதான். இந்தப் புதியவர் பெயர் லாரியோசிடின். இதைப் பற்றிய ஆய்வு 2025 மார்ச்சில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது. ஹமில்டன் நகரில் ஒரு வீட்டு வளவு மண்ணை மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜெரி ரைட் குழுவினர் எடுத்துவந்து, அதிலிருந்த பக்டீரியாக்களை ஏறக்குறைய ஒரு வருடம் வளரவிட்டார்கள். மெல்ல வளரும் கிருமிகளுக்கும் முறை வரட்டும் என்ற பொறுமை. வன்னியில் தென்னை வைத்தவருக்கு அந்தப் பொறுமை விளங்கும்.

கே: எங்கள் வளவு மண்ணையும் கனடா மச்சானுக்கு அனுப்பவா?

ப: மண்ணை அங்கே உள்ளே விடமாட்டார்கள். புழுக்கொடியல் அனுப்புங்கோ.

கே: லாரியோசிடின் கிருமியை எப்படிக் கொல்கிறது? (ஒட்டுசுட்டான் மாணவி)

ப: இப்படிக் கேளுங்கோ, பிள்ளை! பக்டீரியாவுக்குள் ரைபோசோம் என்று புரதம் கோர்க்கும் ஆலைகள் ஓடுகின்றன. கட்டளை நாடா நகர நகர, அதை வாசித்து மணி மணியாகக் கோர்க்கும். லாரியோசிடினோ, மாட்டுக்குப் போடும் சுருக்குக் கயிறுபோலத் தன் வாலைத் தன் வளையத்துக்குள்ளேயே நுழைத்துக்கொண்ட சின்னப் புரதத் துண்டு. அது ஆலைக்குள் போய்க் குந்தினால் நாடா நகராது, வாசிப்பும் பிழைக்கும். பிழையான புரதத்தோடு கிருமி எத்தனை நாள் சீவிக்கும்? வேறு எந்த மருந்தும் குந்தாத இடத்தில் இது குந்துகிறது. அதனால் பழைய மருந்துகளுக்கு எதிராகக் கிருமி செய்துவைத்த பூட்டுகள் இதைத் தடுக்கவில்லை. பல மருந்துக்கு அடங்காத அசினெட்டோபக்டர் என்ற கிருமி தொற்றிய எலிகளை இது காப்பாற்றியது. மனிதருக்கு வர வருடங்கள் ஆகும்.

கே: தடிமனுக்கு அன்டிபயோட்டிக் எடுக்கலாமா?

ப: தடிமன் வைரஸின் வேலை. மல்லி அவித்துக் குடியுங்கோ.

கே: காய்ச்சல் விட்டிட்டுது. மிச்சக் குளிசையைத் தங்கச்சிக்குக் கொடுக்கலாமா?

ப: கொடுக்கக்கூடாது. போன கிழமையும் சொன்னன், வாற கிழமையும் சொல்லுவன்.

கே: எனக்குச் சலரோகம். காலில் புண்ணோடு வயலில் இறங்குகிறேன். ஆபத்தா? (முத்தையன்கட்டு விவசாயி)

ப: ஓம் அண்ணை, ஆபத்துத்தான். வயல் சேற்றிலும் தண்ணீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கலாம். இலங்கையில் 1927இலேயே பதிவான நோய் அது. சலரோகக்காரரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். பெனிசிலின் அதற்கு ஏறாது. சரியான ஊசி பெரும்பாலும் இரண்டு கிழமை, பிறகு மாதக்கணக்கில் குளிசை. புண் ஆறும்வரை இறங்காதேங்கோ. இறங்கத்தான் வேண்டுமென்றால் புண்ணை மூடி, பூட்ஸ் போடுங்கோ. காய்ச்சல் விடாவிட்டால் பாமசியோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், “வயல் செய்யிறன், சலரோகமும் இருக்கு” என்று நீங்களே முதலில் சொல்லுங்கோ. இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கவேண்டும் என்று டொக்டருக்கு அப்போதுதான் தோன்றும்.