சமாதான மேசைக்கு ஒரு பாராட்டு மடல்

காவல் நிலையங்களில் குடும்பத் தகராறு மனுக்களை முடித்துவைக்கும் பெருமதிப்பிற்குரிய மேசை அவர்களுக்கு, தேவதானப்பட்டியிலிருந்து வணக்கம். எங்கள் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் சன்னதிக் கதவு திறப்பதில்லை. மூடிய கதவுக்கே பூசை. அந்த மரபைத் தாங்களும் கட்டிக்காப்பது எங்கள் பாக்கியம். உதடு கிழிந்து வந்தவளிடம் "நீ என்னம்மா எதிர்த்துப் பேசின?" என்று விசாரித்து, "மேல்நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதி வாங்கி, அடித்தவனோடு ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடுகிறீர்களே, அந்தக் கருணை அம்மனுக்கே வராது.

இத்தனைக்குப் பிறகும் "ஏன் அவனை விட்டுட்டு வரலை?" என்று ஊர் கேட்கிறது. எங்கே வருவது? ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்ச் சம்பாதித்த கூலி அவன் கையில், ரேஷன் கார்டு மாமியார் பெட்டியில், பிறந்த வீட்டில் கல்யாணக் கடனே அடையவில்லை. இல்லாதப்பட்டவர்கள் கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2025 ஜூனில் அவிநாசிப் பக்கம் உயிரை விட்ட இளம்பெண்ணுக்கு நகைக்கும் காருக்கும் குறைவில்லை. அனுசரித்துப் போகும்படி எல்லோரும் சொல்வதாகத்தான் அவள் தந்தைக்குக் குரல் பதிவு அனுப்பினாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதும் வன்முறையை அனுபவித்தவர்களில் உதவி கேட்டவர்கள் 100-க்கு 14 பேர். மற்றவர்கள் தங்கள் கதவின் மகிமையை முன்பே கேள்விப்பட்டிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவள்தான் வெளியேற வேண்டும் என்று சட்டம் சொல்லவே இல்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. 19-ஆம் பிரிவில் நடுவர் அவனை வெளியேறச் சொல்லலாம். இந்த உரிமைகளையும் பாதுகாப்பு அலுவலர் இருப்பதையும் அவளுக்கு எடுத்துச் சொல்வது, 5-ஆம் பிரிவுப்படி, காவலரின் கடமை. பொய்ப் புகார் வருகிறதே என்பீர்கள். எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. இங்கே அவள் கேட்பதோ கைதல்ல, பாதுகாப்பு. குடும்பம் உடையும் என்பீர்கள். உடைத்தவன் அவன். இதெல்லாம் தெரியாமலா எழுதி வாங்குகிறீர்கள்? தெரிந்தேதான். மனு முடிந்த கணக்குக்காக ஒரு பெண்ணை அடிக்கிறவனிடமே பிடித்துக் கொடுக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

பொறுத்தருள்க, சன்னதியில் குரல் உயர்ந்துவிட்டது. சின்ன விண்ணப்பம் ஒன்றுதான். அடுத்த முறை அந்தத் தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கும்போது, இனி அடி விழாது என்பதற்கு ஜாமீன்தாரராகத் தாங்களும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை அவளிடம் கொடுத்தனுப்புங்கள்.