விரைவில்: சினிமா கேள்வி-பதில் இலக்கியத்தில் காலக்கணிப்புச் சிக்கல்கள்

1. ஆய்வின் தேவை

ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர் முதல் வாக்கியத்தில், "இத்துறையில் இதுவரை எவரும் புகவில்லை" என்று சத்தியம் செய்ய வேண்டும். இரண்டாம் வாக்கியத்தில், ஏற்கெனவே புகுந்த நாற்பது பேரைக் கண்டிக்க வேண்டும். மரபை மீற எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே சத்தியம் செய்கிறேன்: பத்திரிகைகளின் சினிமா கேள்வி-பதில் பகுதியில் இதுவரை எந்த ஆய்வாளரும் கை வைத்ததில்லை. வைத்தவர்கள் எல்லோரும் வடை தின்றுவிட்டு எண்ணெய் துடைத்தவர்கள்.

இத்தனைக்கும் இது சிற்றிலக்கியம் அல்ல. 1931 அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழ்த் திரை வாய் திறந்தது. திரை வாய் திறந்ததும் கீழே உட்கார்ந்திருந்தவர்களும் வாய் திறந்தார்கள். 1942-ல் 'பேசும் படம்' வந்தது. பிறகு 'குண்டூசி', 'பொம்மை' என்று சினிமாவுக்கென்றே பத்திரிகைகள் முளைத்தன. பொதுப் பத்திரிகைகளிலும் 'குமுத'த்தில் அரசு, 'கல்கண்'டில் தமிழ்வாணன், 'ராணி'யில் அல்லி என்று பதில் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் தோன்றினார்கள். இவர்களெல்லாம் அரசியல், ஆன்மிகம், அஜீரணம் எதைக் கேட்டாலும் சொல்வார்கள். சினிமா ஒன்றையே சித்தாந்தமாகக் கொண்டு தனி மடம் அமைத்தவர் 'தினத்தந்தி'யின் குருவியார். "குருவியாரே!" என்று விளித்துத்தான் கேள்வி தொடங்கும். விளிவேற்றுமை தமிழில் இன்னும் செத்துப்போகவில்லை என்பதற்கு மேடைப் பேச்சுக்கு அடுத்தபடியாக இதுவே சான்று.

2. ஆசிரியர் யார்?

இவ்விலக்கியத்தின் ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கு முகம் கிடையாது. 'அரசு' என்பது அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் என்ற மூவரின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகள் என்று சொல்வார்கள். ஔவையார் ஒருவரா பலரா என்று நூறு வருஷம் சண்டை போட்டவர்கள், அண்டை வீட்டில் ஓர் ஔவையார் கூட்டுக் குடும்பமாக இருந்ததைக் கவனிக்கவில்லை.

குருவியாரின் ஊர் எது? இங்கே எங்கள் குமரி மாவட்டத்து ஆய்வு மரபைப் பின்பற்றுகிறேன். தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டவர் அதங்கோட்டாசான். விளவங்கோட்டுப் பக்கம் அதங்கோடு இருக்கிறது. எனவே ஆசான் எங்களவர். அருகே காப்புக்காடு இருக்கிறது. எனவே தொல்காப்பியரும் எங்களவர் என்று நிறுவியவர்கள் உண்டு. இதே முறையில்: குருவி என்பது பறவை. சுசீந்திரம்-தேரூர் குளம் பறவைகள் சரணாலயம். ஆகவே குருவியார் தேரூர்க்காரர். தேரூர் கவிமணி பிறந்த ஊராகவும் இருப்பது இம்முடிவை மேலும் உறுதி செய்கிறது. எப்படி உறுதி செய்கிறது என்று கேட்பவர்கள் ஆய்வுக்கு லாயக்கற்றவர்கள்.

3. சுவடிகள்

இக்கட்டுரைக்கு நாகர்கோவில் ஒழுகினசேரிச் சாயாக்கடை ஒன்றில் கிடைத்த பிரதிகளே ஆதாரம். முக்கியமானவை மூன்று:

பழம்பொரிப் பிரதி: நல்ல நிலையில் உள்ளது. இனிப்பு இருப்பதால் எறும்பு அரித்திருக்கிறது.

உள்ளிவடைப் பிரதி: எண்ணெய் ஊறியதால் முன்பக்கத்துக் கேள்வியும் பின்பக்கத்துப் பதிலும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. ஒரு நடிகையின் திருமணம் பற்றிய கேள்விக்கு, "தேங்காய் விலை சரிந்தது" என்று பதில் வருவது இதனால்தான். முந்தைய ஆய்வாளர் இதைக் குறியீடு என்றார்.

ரசவடைப் பிரதி: ரசத்தில் முழுகிவிட்டது. ஓரெழுத்தும் படிக்க முடியவில்லை. எனவே மிகத் தொன்மையானது.

அச்சிட்ட தாளில் பலகாரம் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டதால் இச்சுவடி மரபு அழிந்து வருகிறது. உ.வே.சா. இருந்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். வடையும் தின்றிருப்பார்.

4. வினா வகைகள்

உயரம் பற்றிய வினா: செருப்போடா, செருப்பில்லாமலா என்று கேட்பவர் சொல்வதில்லை, தள்ளுபடி.

இயற்பெயர் வினா: ரஜினிகாந்தின் பெயர் சிவாஜி ராவ் கெய்க்வாட் என்பது தெரியாதவர் தமிழ்நாட்டில் கிடையாது. அதனால்தான் கேட்கிறார்கள். தெரிந்ததைக் கேட்டுத் தெரிந்த பதிலை அச்சில் பார்ப்பதற்குப் பெயர் பக்தி.

கூட்டல் வினா: எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் எத்தனை படம்? 28. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கல்யாண வினா: இதில் கேட்பவரும் ஒரு மாப்பிள்ளை என்பதால் நடுநிலை இல்லை.

கேளா வினா: ஒருவரும் கேட்காமலே நடிகர்களைப் பற்றிப் பதில் எழுதியவர் லட்சுமிகாந்தன். 'சினிமா தூது' நடத்தினார். 1944 நவம்பரில் சென்னையில் குத்துப்பட்டுச் செத்தார். அந்த வழக்கில் பாகவதரும் எங்கள் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனும் ஜெயிலுக்குப் போய், அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் வெளியே வந்தார்கள். இவ்வகையை ஆராயாமல் விடுவது ஆய்வாளரின் உடம்புக்கு நல்லது.

பெயர்-ஊர் வினா: உண்மையில் எல்லா வினாவும் இதுதான். சங்கப் புலவரை ஒக்கூர் மாசாத்தியார் என்று ஊரை முன்னால் வைத்துச் சொன்னோம். இங்கே ஊர் அடைப்புக்குள் பின்னால் வருகிறது. மற்றபடி நோக்கம் ஒன்றே. கேள்வி என்பது, பெயரும் ஊரும் ஏறி அச்சுக்குப் போகிற பல்லக்கு.

கள ஆய்வாக என் அனுபவத்தைத் தருகிறேன். பள்ளியில் படிக்கும்போது 15 பைசா கார்டில் ஒரு வார இதழுக்கு, இன்ன படம் எப்போது வரும் என்று கேட்டு எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் படம் நாகர்கோவிலுக்கு வந்து, இரண்டு வாரம் ஓடி, தக்கலைக்கும் போய்விட்டது. நானே இரண்டு தடவை பார்த்துவிட்டேன். பதில்: "விரைவில்." அதைவிட முக்கியம், என் ஊர் 'ஒழுங்கினசேரி' என்று அச்சாகியிருந்தது. பிழை என்று நினைத்து வருந்தினேன். இப்போது ஆய்வாளனானபின் புரிகிறது, அது பாடபேதம். ஆதியில் ஒழுங்காக இருந்த சேரி, ஏடெழுதியோர் கைபட்டு 'ங்' உதிர்ந்து ஒழுகத் தொடங்கியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் தெருவைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

5. 'விரைவில்' என்னும் சொல்

கட்டுரையின் உயிர் இங்கேதான். பொறுமை இல்லாதவர்கள் இடைவேளைக்குப் போய் வரலாம்.

எந்தப் படம் எப்போது வரும் என்று கேட்டாலும் பதில் சொல்வோர் கைக்கொள்ளும் சொல் 'விரைவில்'. இதன் பொருள் என்ன? 'இல்' என்பதில் மூன்று கட்சிகள் உள்ளன.

முதல் கட்சி, இடப்பொருள் கட்சி. இல் என்பது ஏழாம் வேற்றுமை உருபு; விரைவு என்னும் இடத்தில் படம் இருக்கிறது என்பார்கள். அந்த இடம் எங்கே என்று கேட்டால், லேபில் என்பார்கள்.

இரண்டாம் கட்சி, நீங்கல் கட்சி. ஐந்தாம் வேற்றுமைக்கு இல், இன் என்னும் உருபுகளைச் சொல்லி, நீங்கல் என்ற பொருளையும் தருகிறார் நன்னூலார். மலையில் வீழருவி என்றால் மலையை விட்டு நீங்கும் அருவி. அப்படியே, விரைவில் வரும் படம் என்றால் விரைவை விட்டு நீங்கி வரும் படம். இக்கட்சிக்குத் தயாரிப்பாளர்களின் ஆதரவு உண்டு.

மூன்றாம் கட்சி, இன்மைக் கட்சி. இல் என்றால் இல்லை. விரைவு + இல் = விரைவு இல்லை. அடியேன் இக்கட்சி. (காண்க: உள்ளிவடைப் பிரதி, இரண்டாம் மடிப்பு, பெரிய எண்ணெய்ப் புள்ளிக்குக் கீழ் மூன்றாம் வரி. இதனோடு ஒப்பிடுக: சலூன் பிரதி, சோப்பு நுரை காய்ந்த பக்கம், மீசை வரைந்த நடிகையின் வலப்புறம். இதை மறுக்கும் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடச் சுவர் உரை, வாளித் தண்ணீர் பட்டுச் சிதைந்த பகுதி, பொருட்படுத்தத்தக்கதன்று. அதன் ஆசிரியர் அவசரத்தில் எழுதியிருக்கிறார்.)

தரவுகள் இன்மைக் கட்சிக்கே சாதகம். வாசனின் 'சந்திரலேகா' 1943-ல் தொடங்கி 1948 ஏப்ரல் 9-ல் வந்தது. 'எந்திரன்' சில கதாநாயகர்களைக் கடந்து, சில தயாரிப்பாளர்களைக் கடந்து 2010-ல் வந்தது. 2013 பொங்கலுக்கு வரவேண்டிய 'மதகஜராஜா' 2025 பொங்கலுக்கு வந்தது. 'துருவ நட்சத்திரம்' 2023 நவம்பர் 24 என்று நாள் குறித்து, அந்த நாளிலும் வராமல் நின்றது. எம்.ஜி.ஆர். 1958-ல் எடுக்கப்போவதாக அறிவித்த 'பொன்னியின் செல்வன்' 2022 செப்டம்பர் 30-ல் வேறொருவர் எடுத்து வந்தது.

இவற்றை அளக்க ஆண்டு என்னும் அலகு போதாது. எனவே 'மதகஜம்' என்ற அலகை முன்மொழிகிறேன். 1 மதகஜம் = 12 ஆண்டு. நீலக்குறிஞ்சி பூக்கும் காலமும் 12 ஆண்டு என்பதால் இவ்வலகு இயற்கையோடு இயைந்தது. இதன்படி 'பொன்னியின் செல்வன்' ஐந்தேகால் மதகஜத்துக்குச் சற்று மேல். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். தொல்காப்பியத்தைக் கி.பி. 5-ஆம் நூற்றாண்டுக்கு இறக்கிவிட்டார் வையாபுரிப் பிள்ளை. அவரைத் திட்டிக்கொண்டே கிறிஸ்துவுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு முன்னால் ஏற்றிவிட்டார்கள் வேறு சிலர். எந்தக் கேள்வி-பதில்காரரும் ஒரு படத்துக்கு இவ்வளவு தவணை கொடுத்ததில்லை. தெரியாததற்குத் துல்லியமாகத் தேதி போட்டால் டாக்டர் பட்டம். தெரியாததற்கு 'விரைவில்' என்று போட்டால் சினிமாப் பக்கம்.

தாமதத்தால் வந்த நன்மையையும் சொல்ல வேண்டும். 'சந்திரலேகா' சொன்ன காலத்தில் முடிந்திருந்தால் என்.எஸ். கிருஷ்ணன் ஜெயிலில் இருந்திருப்பார். அது இழுத்ததால்தான் வெளியே வந்து மதுரத்தோடு அதில் நடித்தார். ஒழுகினசேரிக்காரன் 'விரைவில்' என்ற சொல்லைப் பழிக்கக் கூடாது.

இனித் திணை. கேள்வி-பதில் பகுதியை மருதம் என்று கருதுவோர் உண்டு. கிசுகிசுவைப் பார்த்து ஏமாந்தவர்கள். இது முல்லை. தலைவன் போகும்போது கார்காலத்தில் வருவேன் என்கிறான். நம்முடைய தலைவர்கள் பொங்கலுக்கு வருவேன், தீபாவளிக்கு வருவேன் என்கிறார்கள். மழை பெய்கிறது, கொன்றை பூக்கிறது, தேரைக் காணோம். தீபாவளி வருகிறது, பாட்டு வந்துவிட்டது, போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, பெட்டியைக் காணோம். தலைவி கலங்குகிறாள். அப்போது தோழி என்ன சொல்கிறாள்? இது கார்காலமே இல்லை, ஏதோ பெய்த மழையை நம்பி மரம் முட்டாள்தனமாகப் பூத்துவிட்டது என்கிறாள். பருவமன்று எனல் என்று இத்துறைக்குப் பெயர். தோழிக்குத் தெரியும், அது கார்காலம்தான். தலைவிக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு பொய்யில் அன்றைய சாயங்காலம் கழிந்துவிடும்.

கேள்விக்குப் பதில் சொல்பவர் தகவல் களஞ்சியம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம். அவர் தோழி. இதுவே இவ்வாய்வின் முடிவு.

6. பின்னிணைப்பு

மேற்படி சாயாக்கடையில் ஓர் அண்ணாச்சி உண்டு. தன் பாட்டில் வரும் சொல்லாலேயே பெயர் பெற்ற சங்கப் புலவர்போல, தான் கேட்கும் கேள்வியாலேயே 'மருதநாயகம் அண்ணாச்சி' என்று பெயர் பெற்றவர். 'மருதநாயகம்' 1997 அக்டோபர் 16-ல் எலிசபெத் ராணியே வந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்கிய படம். ராணி முடிவைப் பார்க்காமலே 2022 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். அண்ணாச்சி இன்னும் கேட்கிறார். மாதம் ஒரு கார்டு. பேப்பர் வந்ததும் பலகாரத் தட்டை ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கத்தைத்தான் விரிப்பார்.

போன வாரம் கடைப் பையன் செல்போனைத் தட்டிவிட்டு, "பாட்டா, பாத்தாச்சி. அந்தப் படம் நின்னுபோச்சாம். இனி வராது" என்றான்.

அண்ணாச்சி ரசவடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடிக்கிறவரைக்கும் பேசவில்லை.

"லேய் மக்கா, நான் கேட்டது எப்ப வரும்னு. அதுக்குப் போயி வராதுங்குக. சவம், அது ஒரு பதிலாலே?"