மறுமலர்ச்சிக்கு ஒரு சுற்று

டெட்ராய்ட் நகரின் நடுப்பகுதி வாடிக் கிடந்தபோது, இரண்டாம் ஹென்றி ஃபோர்டு முன்னின்று ஆற்றோரம் வானுயரக் கோபுரங்களை எழுப்பவைத்தார். 1977-இல் திறப்பு. பெயர் 'மறுமலர்ச்சி மையம்'. ஊரைக் காப்பாற்ற வந்த மையம், ஊரைப் பார்த்த பக்கத்தில் மட்டும் உயரமான கான்கிரீட் மேடுகளை வைத்துக்கொண்டது. முன்ஜாக்கிரதை!

அடுத்து, மேயர் கோல்மன் யங் காலத்தில், 1987-இல் மேம்பாலக் குட்டி ரயில். சுமார் மூன்று மைல் வட்டம், ஒற்றைத் தடம், ஒரே திசை. இறங்கவேண்டிய நிலையம் முதுகுப்பக்கம் இருந்தால் முழு வட்டமும் சுற்றித்தான் வரவேண்டும் (கோயில் பிரகாரத்தைச் சுற்றினாலாவது புண்ணியம் உண்டு).

2013-இல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. 2024-இல் ரயிலுக்குக் கட்டணம் வேண்டாம் என்றார்கள். அதே ஆண்டு, மையத்தின் இரண்டு கோபுரங்களை இடிக்கும் திட்டமும் வந்தது. ஆற்றங்கரைக்கு வழி திறக்கத்தானாம்.